மான்ட்காமரி கவுண்டியில் ரீசைக்கிளிங்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கும் மான்ட்காமரி கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) குப்பை எங்கே போகிறது, யார் காசு கட்டுகிறார்கள் என்று நம் ஆட்கள் கேட்ட கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்தவரை.

கேள்வி: இதைக் கவுண்டி ஏன் செய்கிறது? மாநிலமே செய்யலாமே?

செய்யச் சொன்னதே மாநிலம்தான். 1988-ல் வந்த மேரிலாந்து ரீசைக்கிளிங் சட்டப்படி ஒவ்வொரு கவுண்டியும் ஒரு திட்டம் போட வேண்டும், ஒன்றரை லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தால் குப்பையில் 20 சதவீதத்தையாவது ரீசைக்கிள் செய்தாக வேண்டும். 2012 திருத்தம் அதை 35 ஆக்கியது. நம் கவுண்டியோ 2020-க்குள் 70 சதவீதம் என்று தனக்குத் தானே இலக்கு வைத்துக்கொண்டது. எப்படிச் செய்வது என்பதை அந்தந்தக் கவுண்டியே முடிவு செய்வதால்தான் பக்கத்துக் கவுண்டியில் விதி வேறாக இருக்கிறது. ராக்வில் மாதிரி சில ஊர்கள் நம் கவுண்டிக்குள்ளேயே இருந்தாலும் வண்டியைத் தாங்களே விடுகின்றன, அங்கே இருப்பவர்கள் ஊர் நிர்வாகத்திடம் கேளுங்கள்.

கேள்வி: பணம் யார் தருவது? எனக்கு பில் எதுவும் வரவில்லையே.

வந்திருக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை. சொத்து வரி பில்லைப் பிரித்துப் பாருங்கள், குப்பைக்கென்று தனிக் கட்டணம் போட்டிருக்கும். பழைய பேப்பர், அலுமினியம் எல்லாம் விற்று வரும் பணமும் உண்டு, ஆனால் அதை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது. 2018-ல் சீனா பழைய காகிதம், பிளாஸ்டிக் இறக்குமதியை இறுக்கியதும் அமெரிக்கா முழுக்க விலை விழுந்தது, சில ஊர்களில் கலப்புக் காகிதத்தை எடுத்துப்போகக் காசு கொடுக்க வேண்டிய நிலை.

கேள்வி: வர்ஜீனியாவில் என் தம்பி எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போடுகிறான். நமக்கு மட்டும் ஏன் பேப்பர் தனி, பாட்டில் தனி?

எரிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் கவுண்டி பக்கம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் வண்டியில் கண்ணாடி நொறுங்கி பேப்பருக்குள் புகும், மிச்சமிருக்கும் ஜூஸும் ஊறுகாய் எண்ணெயும் அட்டையில் ஊறும், அப்புறம் காகித ஆலைக்காரர் அதை வாங்க யோசிப்பார். நீலத் தொட்டியில் வரும் பாட்டில், டப்பாவை ஷேடி குரோவ் பக்கம் இருக்கும் மையத்தில் பிரிக்கிறார்கள். இரும்பைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது என்பதால் வேகமாகச் சுழலும் காந்தம் அதற்குள் உண்டாக்கும் சுழல் மின்னோட்டத்தால் அதைத் தள்ளி எடுப்பார்கள், கிலோவுக்கு நல்ல விலை போவது அதுதான். பாட்டிலைச் சும்மா அலசினால் போதும், தேய்த்துக் கழுவ வேண்டாம்.

கேள்வி: அரிசி மூட்டைப் பை போடலாமா? கடைப் பைகள்?

இரண்டும் கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளில் சுற்றிக்கொள்ளும், ஆலையை நிறுத்தி ஆட்கள் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். பாட்டில்களைப் பைக்குள் கட்டிப் போடுவதும் அதே தொல்லை. பழைய லித்தியம் பேட்டரியை எந்தத் தொட்டியிலும் போடாதீர்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும்.

கேள்வி: கடைசியில் எல்லாவற்றையும் எரிக்கிறார்கள் என்கிறார்களே?

குப்பைத் தொட்டியில் போட்டதைத்தான். அது ஷேடி குரோவிலிருந்து ரயிலில் டிக்கர்சன் என்ற ஊருக்குப் போகும், அங்கே 1995-லிருந்து எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். எரிக்கலாமா கூடாதா என்பது இங்கே பெரிய சண்டை. எனக்கும் அந்தப் புகை பிடிக்காது, அதற்காக நீலத் தொட்டியை நிறுத்துவதில் அர்த்தமில்லை.

கேள்வி: அபார்ட்மென்டில் தொட்டியே வைக்கவில்லை.

ஏழு வீடுகளோ அதற்கு மேலோ இருந்தால் ஏற்பாடு செய்வது கட்டட நிர்வாகத்தின் கடமை. முதலில் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள், அசையாவிட்டால் கவுண்டியின் உதவி எண்ணான 311-க்கு போன் போடுங்கள்.

கேள்வி: இலை, புல்?

பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பேப்பர் பையிலோ தொட்டியிலோ வையுங்கள். அது டிக்கர்சனில் மக்கி லீஃப்குரோ என்ற பெயரில் கடைக்கு வருகிறது, கத்தரிக்காய்ச் செடிக்கு அருமையான உரம்.