கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கு எந்த ஆன்டிபயாடிக்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61, சிரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்) இருக்கிறது. பல் வேரில் சீழ் பிடித்து கன்னம் வீங்கிவிட்டது. பல் மருத்துவர் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் எழுதித் தந்திருக்கிறார். போன வருடம் இதே மாத்திரையைச் சாப்பிட்டு முடித்த சில வாரங்களில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. இனி ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்த மாத்திரை வேண்டாம். ஆனால் ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று இருந்துவிடவும் கூடாது. சிரோசிஸ் உள்ளவர்களுக்குக் கிருமித்தொற்று வேகமாகப் பரவும், சில நேரம் காய்ச்சல்கூடக் காட்டாது. இன்றே பல் மருத்துவரிடம் பழைய காமாலையைச் சொல்லி, வேறு மருந்து கேளுங்கள்.

ஆன்டிபயாடிக்குகளில் கல்லீரலைப் பாதிப்பதாக அதிகம் பதிவாவது இந்தக் கலவைதான். பெரும்பாலும் கிளாவுலனேட்தான் காரணம். மருந்தை நிறுத்திச் சில வாரம் கழித்தும் காமாலை வரக்கூடும் என்பதால் பலர் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதே இல்லை. நீங்கள் கவனித்தது நல்லது. ஒருமுறை இப்படி வந்தவருக்கு அதை மறுபடி தரக் கூடாது.

பல் சீழுக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துத் தருவதுண்டு. அதைக் கல்லீரல்தான் உடைத்து வெளியேற்ற வேண்டும். கல்லீரல் மிகவும் பழுதானவர்களுக்கு அளவைப் பாதியாகக் குறைப்போம். எஸ்ஜிபிடி (கல்லீரல் செல்கள் சேதமாவதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) நார்மல் என்று மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். முற்றிய சிரோசிஸிலும் அது நார்மலாக இருக்கலாம். ரத்தத்தில் பிலிருபின் (காமாலையில் கூடும் மஞ்சள் நிறமி), அல்புமின் (கல்லீரல் தயாரிக்கும் புரதம்), ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு), வயிற்றில் நீர் இருக்கிறதா என்பவைதான் கல்லீரலின் உண்மை நிலையைச் சொல்லும். அந்த ரிப்போர்ட்டுகளையும் இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் (நாட்டு மருந்து உட்பட) கையோடு கொண்டுபோங்கள். பல்லைப் பிடுங்குவதாக இருந்தால் ரத்தம் உறைகிறதா, தட்டணுக்கள் போதுமா என்று முதலில் பார்க்க வேண்டும். சீழை வெளியேற்றாமல் மாத்திரை மட்டும் போதாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். சிறுநீரகம் கெடும், ரத்தக்கசிவும் வரலாம். பாராசிட்டமால் தரலாம், பொதுவாக நாளுக்கு 2 கிராமுக்கு மேல் போகாமல்.

புது மருந்து தொடங்கிய பின் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்பா குழப்பமாகப் பேசினால், அல்லது வீக்கம் கழுத்துக்கு இறங்கி விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.