கிணற்று நீரில் செம்படிவு: எந்தக் கருவி வாங்குவது?

கேள்வி: எங்கள் கிணற்று நீர் இறைத்தவுடன் பளிங்கு போல் இருக்கிறது. மறுநாள் குடத்தடியில் செந்நிறப் படிவு. கடைக்காரர் வீடு முழுவதற்கும் ஆர்.ஓ. (சவ்வு வழியே உப்பை நீக்கும் சுத்திகரிப்புக் கருவி) வைக்கச் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: பொறுங்கள் அம்மா, முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் இரும்புச்சத்துக்கு உரியது. நிலத்தடியில் கரைந்திருக்கும் இரும்பு, காற்றுப்பட்டதும் துருவாகிப் படிகிறது. இதை நேராக ஆர்.ஓ.வுக்குள் விட்டால் சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நீரைப் பூவாளி வழியாகத் தொட்டியில் விழவிட்டு, தெளியவைத்து, மணல் வடிகட்டியில் செலுத்துங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

ஆனால் முதல் வேலை பரிசோதனை. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். இந்தியத் தர அளவின்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காதபோது 2000 வரை ஏற்கிறார்கள். உங்கள் ஊர் கடலிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. உவர்ப்பு ஏறியிருந்தால் ஆர்.ஓ. தேவைதான். அப்போதும் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் போதும். அது கழிவாகத் தள்ளிவிடும் நீரின் அளவைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. கடினநீரை மென்மையாக்கும் கருவி உப்பைக் குறைக்காது. சுண்ணாம்புக்குப் பதில் சோடியத்தைச் சேர்க்கும்.

இன்னொன்று, கழிவறைத் தொட்டி கிணற்றுக்கு அருகில் இருக்கிறதா? கிருமிப் பரிசோதனையையும் கட்டாயம் கேளுங்கள். முடிவு வரும்வரை குடிநீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.