கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது அவசியமா?

கேள்வி: எனக்கு 42 வயது. ஆறு மாதமாக மாதவிடாய் முடிந்த பிறகும் விட்டுவிட்டு உதிரம் படுகிறது. ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் பாலிப் (சிறு சதை வளர்ச்சி) இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு டாக்டர் டி அண்ட் சி (கர்ப்பப்பையின் உள்பக்கத்தைச் சுரண்டுவது) போதும் என்கிறார், இன்னொருவர் ஹிஸ்டரோஸ்கோப்பி செய்யச் சொல்கிறார். உள்ளே கேமரா விடுவார்களாமே, நினைத்தாலே பயமாக இருக்கிறது. கர்ப்பப்பையையே எடுத்துவிடு, தொல்லை விட்டது என்கிறார் அம்மா. அவருக்கு 61 வயது, மாதவிடாய் நின்று பத்து வருடம் ஆகிறது. அவருக்கும் இப்போது லேசாக உதிரம் படுகிறது, வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிட்டார்.

பதில்: உங்கள் விஷயத்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் அம்மாவை இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு தாண்டிய பெண்ணுக்கு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் காரணம் தெரியாமல் விடக்கூடாது. பெரும்பாலும் கர்ப்பப்பையின் உட்சவ்வு மெலிந்து போனதாலோ சாதாரண பாலிப்பாலோதான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதுவேதான், ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பெரும்பாலும் குணமாக்கிவிடலாம் என்பதால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். ஸ்கேனில் உட்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் பயாப்ஸி, அதாவது பரிசோதனைக்குச் சிறு சதைத்துணுக்கு எடுப்பார்கள். அதற்குக் குறைவாக இருந்தும் உதிரம் திரும்பத் திரும்பப் பட்டால் அப்போதும் உள்ளே பார்த்தே ஆக வேண்டும்.

சரி, உங்களுக்கு வருகிறேன். நான் இரண்டாவது டாக்டர் பக்கம். டி அண்ட் சி என்பது கண்ணால் பார்க்காமல் கைப்பழக்கத்தில் சுரண்டுவது. காம்பில் தொங்கும் பாலிப் கருவி படும்போது ஒதுங்கிக்கொள்ளும், எல்லாம் எடுத்தாச்சு என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், அது அங்கேயே இருக்கும், உதிரமும் நிற்காது. ஹிஸ்டரோஸ்கோப்பியில் வெட்டு, தையல் எதுவும் கிடையாது. உள்ளே பார்க்க மட்டும் என்றால் 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய் போதும், பிறப்புறுப்பு வழியாகவே போகும். கர்ப்பப்பையின் முன்சுவரும் பின்சுவரும் ஒட்டியே கிடக்கும் என்பதால் சலைன் (உப்புநீர்) விட்டு விரித்துப் பார்ப்பார்கள். திரையில் இளஞ்சிவப்பு உட்சவ்வும், மேலே இரண்டு மூலையிலும் கருக்குழாய்களின் குட்டித் துவாரங்களும், நீரில் அசைந்துகொண்டிருக்கும் பாலிப்பும் தெளிவாகத் தெரியும், நீங்கள் விழித்திருந்தால் நீங்களும் பார்க்கலாம். காம்பை அடியோடு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம். இது நேற்று வந்த முறையும் இல்லை, 1869-இலேயே பாண்டலியோனி என்ற மருத்துவர் உதிரப்போக்கோடு வந்த 60 வயதுப் பெண்ணுக்கு இப்படிப் பார்த்துத்தான் பாலிப்பைக் கண்டுபிடித்தார், ஏறக்குறைய உங்கள் அம்மா வயது.

பாலிப்புக்காக மட்டும் கர்ப்பப்பையை எடுப்பது தேவையே இல்லை. உட்பக்கமாகத் துருத்தும் ஃபைப்ராய்டு கட்டியைக்கூடப் பெரும்பாலும் இதே வழியில் எடுத்துவிடலாம், வெளிப்பக்கம் வளரும் கட்டிக்கு இது உதவாது.

மாதவிடாய் முடிந்த கையோடு தேதி வாங்குங்கள், அப்போதுதான் உட்சவ்வு மெலிந்திருக்கும். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், தொற்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பார்ப்பதும் எடுப்பதும் ஒரே தடவையில் முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வலி மாதவிடாய் வலி மாதிரி இருக்கும், சிலருக்கு அதைவிட அதிகம். தாங்காது என்று தோன்றினால் மயக்க மருந்து கேளுங்கள், நடுவில் நிறுத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. கர்ப்பப்பைச் சுவரில் துளை விழுவது அபூர்வம். சில நாள் லேசாக உதிரம் படும். காய்ச்சல், துர்நாற்றம், நாப்கின் நனைந்துகொண்டே இருக்கும் அளவுக்குப் போக்கு, குறையாமல் ஏறும் வயிற்றுவலி இருந்தால் உடனே போய்விடுங்கள்.

கேள்வி: கரு கலைந்து டி அண்ட் சி செய்த பிறகு மாதவிடாய் வெறும் கறையாகத்தான் வருகிறது. ஸ்கேன் நார்மல். மறுபடி கரு தங்குமா?

பதில்: முதலில் கர்ப்பப் பரிசோதனையும் ஹார்மோன் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அவை சரியாக இருந்தால், சுரண்டிய இடத்தில் சுவர்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஆஷர்மேன் என்பார்கள். சாதாரண ஸ்கேன் இதைத் தவறவிடும், ஹிஸ்டரோஸ்கோப்பிதான் காட்டும், அப்போதே சிறு கத்தரியால் பிரித்தும் விடலாம். திரும்ப ஒட்டும் வாய்ப்பு உண்டு என்பதால் சில வாரம் கழித்து இன்னொரு தடவை பார்க்கச் சொல்வார்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒட்டல் லேசாக இருந்தால் கரு தங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. தங்கினால் நஞ்சுக்கொடி ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கொஞ்சம் கூடுதல், இந்தச் சிகிச்சை நடந்ததைப் பிரசவ டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.