லில்லிபாண்ட்: பழைய கோப்புகள் உடைந்தால்

வணக்கம். இசைக்குறிப்புகளை அச்சுக்குத் தயாரிக்கும் மென்பொருளான லில்லிபாண்டின் 2.18 பதிப்பில் எழுதிய பாடகர் குழு இசைக்குறிப்புகள் 2.24-இல் பிழை காட்டுகின்றன, அதை உருவாக்கும் தன்னார்வலர்களிடம் முறையிட்டால் "சிறிய உதாரணம் அனுப்புங்கள்" என்று தட்டிக்கழிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் ஆத்திரம் புரிகிறது. ஆனால் அந்தப் பதில் தட்டிக்கழிப்பு அல்ல.

முதலில் கோப்புகளைக் காப்பாற்றுவோம். நகல் எடுத்துவிட்டு, லில்லிபாண்டுடன் வரும், பழைய கோப்புகளைப் புதிய பதிப்புக்கு ஏற்ப மாற்றும் கன்வெர்ட்-எல்ஒய் (convert-ly) கருவியை ஓட்டுங்கள். லில்லிபாண்ட் கோப்புகளை எழுத உதவும் ஃப்ரெஸ்கோபால்டி செயலியைப் பயன்படுத்தினால் அதன் மெனுவிலேயே இருக்கிறது. கோப்பின் தலைப்பகுதியில் பழைய பதிப்பு எண் அப்படியே இருக்கட்டும். அதைக் கையால் 2.24 என்று மாற்றியிருந்தால், திருத்த ஒன்றுமில்லை என்று கருவி விட்டுவிடும்; பலர் இடறுவது இங்கேதான். லில்லிபாண்டுக்குள் எழுதக்கூடிய ஸ்கீம் என்ற நிரல்மொழியில் நீங்களே எழுதிய துண்டுகளைப் பெரும்பாலும் கையால்தான் திருத்த வேண்டியிருக்கும்.

அதன் பிறகும் பிழை வந்தால், நான்கு சுரங்கள், ஒரு வளைகோடு என்ற அளவுக்குக் கோப்பைச் சுருக்கி அனுப்புங்கள். வேலை முடிந்த இரவில் சம்பளமின்றி உட்காரும் ஒருவரால் முந்நூறு வரிகளைத் துழாவ முடியாது. அதே சமயம், பல வருட உழைப்பு ஒரே நாளில் திறக்காமல் போவது சின்ன விஷயமில்லை. அதையும் அவர்களிடம் சொல்லுங்கள், தனி மடலில், பிழை அறிக்கையோடு கலக்காமல்.