கறவையைக் கொடுத்து நாகு வாங்கலாமா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவின் மகன், புளூ ஜேய்ஸ் கழகத்தின் பேஸ்போல் ஆட்டங்களை ஒன்றுவிடாமல் பார்ப்பவர். வட அமெரிக்காவின் முதல்தரப் போட்டியான பெரிய லீக்கின் இறுதிக் கட்டமாகிய 2025 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அக்கழகம் டொட்ஜர்ஸிடம் தோற்றதிலிருந்து, தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் எந்த வீரரைக் கொடுத்து எவரை வாங்கவேண்டும் என்பதையே பேசுகிறார். பெயர் நாட்டிய வீரரைக் கொடுத்துவிட்டு, பெரிய லீக்கில் ஒரு பந்தைக்கூடச் சந்திக்காத இளைஞர்களை ஒரு கழகம் வாங்குவது எந்தக் கணக்கில் சரியாகும்? பாடசாலையில் எல்லே பயிற்றுவிக்கும் எனக்கு ஆட்டம் விளங்குகிறது. இந்த வியாபாரம் விளங்கவில்லை, ஐயா.
– ஓர் ஆசிரியர், தருமபுரம்

பதில்: உங்கள் பக்கத்தில் மாடு வளர்ப்பவர்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. காலையும் மாலையும் பால் தரும் கறவையைக் கொடுத்து, நல்ல இனம் என்று சொல்லப்படும் இரண்டு நாகுகளை ஒருவர் வாங்கினால், இந்த ஆண்டின் பாலை விட்டுக்கொடுத்து இன்னும் சில ஆண்டுகளுக்குப் பின்வரும் பாலை அவர் வாங்குகிறார். அந்த நாகுகள் சினைப்படுமா, நோயில் போய்விடுமா என்பது அன்றைக்கு எவருக்கும் தெரியாது. வீட்டில் பாலுக்கு அழும் குழந்தை இருக்கிறதா என்று கேட்காமல் அந்த வியாபாரத்தைச் சரியென்றோ பிழையென்றோ சொல்லமுடியாது.

பேஸ்போலில் இதற்குமேல் ஒரு சட்டமும் சேர்கிறது. பெரிய லீக்கில் ஆறு ஆண்டுச் சேவையை முடிக்கும்வரை ஒரு வீரர் தம் கழகத்துக்குக் கட்டுப்பட்டவர். அதன் பின்னரே விரும்பிய கழகத்துடன் பேரம் பேசலாம். முதல் மூன்று ஆண்டுகளில் பெரும்பாலோர் குறைந்தபட்சச் சம்பளத்தையொட்டிய தொகையையே பெறுகிறார்கள். 2025இல் அது 760,000 டொலர். எங்களுக்கு அது கற்பனைக்கு எட்டாத பணமாக இருந்தாலும், நட்சத்திர வீரர் ஒருவர் ஓராண்டில் இருபது முப்பது மில்லியன் டொலர் பெறும் களத்தில் அது சிறுதொகையே. ஆகவே, ஒப்பந்தத்தில் ஓராண்டே மிஞ்சியிருக்கும் நட்சத்திரத்தைக் கொடுத்து, ஆறு ஆண்டுகளும் முழுதாக மீதமிருக்கும் இளைஞரைப் பெறும் கழகம், திறமையோடு காலத்தையும் சேர்த்தே வாங்குகிறது.

உங்கள் மருமகனின் கழகமே இதற்கு நல்ல பாடம் தருகிறது. 2009 டிசம்பரில் புளூ ஜேய்ஸ், தன் மிகச் சிறந்த பந்துவீச்சாளரான ரோய் ஹலடேயை பிலடெல்பியா பிலீஸ் கழகத்துக்குக் கொடுத்தது. அவருடைய ஒப்பந்தத்தில் ஓராண்டே மீதமிருந்தது. ரொறன்ரோ 1993இல் உலகத் தொடரை வென்றபின் லீக் ஆட்டங்களின் பின் சிறந்த அணிகள் மட்டும் ஆடும் பிந்திய சுற்று எதற்கும் போயிருக்கவில்லை. பதிலாகக் கிடைத்த மூன்று இளைஞர்களில் கைல் ட்ரேபெக் என்ற பந்துவீச்சாளரின் பெயரே முன்னால் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு மே 29 அன்று ஹலடே, எதிரணியின் 27 பேரில் ஒருவர்கூடத் தளம் சேராதபடி ஓர் ஆட்டத்தை வீசி முடித்தார். ஒக்டோபரில் பிந்திய சுற்றில் ஒரு ஹிட்டும் (பந்தை அடித்துத் தளம் சேரும் அடி) கொடுக்காத இன்னோர் ஆட்டத்தையும் வீசி, அந்த ஆண்டின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதையும் பெற்றார். ட்ரேபெக்குக்கு 2012இல் முழங்கையில் இரண்டாவது தடவையாகச் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது. அவரால் அணியில் நிலையான இடத்தைப் பிடிக்கவே முடியவில்லை.

கதை அங்கே முடியவில்லை. அதே பரிமாற்றத்தில் வந்த கெச்சர் (பந்துவீச்சாளர் எறிவதைப் பிடிப்பவர்) ட்ராவிஸ் டார்னோ, லீக்கின் முன்னணி இளைஞர்களுள் ஒருவராக வளர்ந்தார். 2012 டிசம்பரில் ரொறன்ரோ அவரை முதற்பெயராக வைத்து, நியூயோர்க் மெட்ஸிடமிருந்து ஆர்.ஏ. டிக்கியை வாங்கியது. டிக்கி அந்த ஆண்டில் 20 வெற்றிகளுடன் சை யங் விருது பெற்றவர். ஆனால் வயது 38. டார்னோவுக்குப் பின்னால் சேர்த்துக் கொடுக்கப்பட்ட நோவா சின்டர்கார்ட் என்ற 20 வயதுப் பந்துவீச்சாளர், 2015 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தை மெட்ஸுக்கு வென்று கொடுத்தார். அந்தத் தொடரில் அவர்கள் வென்றது அந்த ஒரே ஆட்டத்தைத்தான்.

விளைவை வைத்துப் பார்த்தால் இரண்டு பரிமாற்றங்களிலும் ரொறன்ரோ ஏமாந்தது என்று தோன்றும். நான் அப்படிக் கருதவில்லை. வெல்லும் நிலையில் இல்லாத கழகம், அடுத்த ஆண்டே கையைவிட்டுப் போகவிருந்த ஹலடேயைக் கொடுத்தது சரி. ட்ரேபெக்கின் முழங்கை அந்த முடிவைப் பிழையாக்காது. டிக்கியை வாங்கியதுதான் பிழை. 2012இல் 162 ஆட்டங்களில் 73ஐ மட்டுமே வென்ற அணி, 38 வயதுக்காரரின் ஒரேயொரு மகத்தான ஆண்டை நம்பி, தன் இரு சிறந்த இளைஞர்களையும் ஒன்றாகக் கொடுத்தது. அடுத்த ஆண்டில் அவர் 14 வென்று 13 தோற்றார். அணி தன் பிரிவில் கடைசியாக வந்தது. சின்டர்கார்ட் ஒன்றுக்கும் உதவாதவராகப் போயிருந்தாலும் அந்த முடிவை நான் பிழையென்றே சொல்லியிருப்பேன்.

அதே கழகம் 2014 நவம்பரில் நேர்மாறாக நடந்துகொண்டது. ஒக்லண்ட் கழகத்திடமிருந்து ஜோஷ் டொனால்ட்சனை வாங்கியபோது, கொடுத்த நால்வரில் பிராங்க்ளின் பரேட்டோ என்ற 18 வயது இளைஞரைப் பற்றியே ஒக்லண்டில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. டொனால்ட்சனுக்கோ ஆட்டத்தின் உச்ச வயது. அவர் ஓராண்டுடன் போய்விடக்கூடியவரும் அல்லர். 2015இல் அவர் 41 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் விருதை வென்றார். ரொறன்ரோ 22 ஆண்டுகளின் பின் பிந்திய சுற்றுக்குப் போனது. பரேட்டோவால் பெரிய லீக்கில் நிலைத்து நிற்க முடியவில்லை.

கேள்வி: இளம் பந்துவீச்சாளர், இளம் துடுப்பாட்டக்காரர் ஆகிய இருவரில் எவரை நம்பி வாங்குவது ஆபத்துக் குறைவு?
– ஒரு வாசகி, முள்ளியவளை

பதில்: துடுப்பாட்டக்காரரை. மணிக்கு 150 கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் திரும்பத் திரும்ப எறியும் கையின் முழங்கைத் தசைநார் கிழிவது அந்தத் தொழிலின் வழமையான விபத்து. 1974இல் வைத்தியர் பிராங்க் ஜோப், டொமி ஜோன் என்ற வீரருக்கு முதன்முதலாகச் செய்த சத்திரசிகிச்சை இன்றைக்குச் சாதாரணமாகிவிட்டாலும், அதற்குப்பின் ஒருவர் களத்துக்குத் திரும்ப ஓராண்டுக்கு மேல் செல்கிறது.

2016 டிசம்பரில் சிகாகோ வைட் சொக்ஸ், பந்துவீச்சாளர் கிறிஸ் சேலை பொஸ்ரன் ரெட் சொக்ஸுக்குக் கொடுத்துப் பெற்ற நால்வரில், துடுப்பாட்டக்காரர் யோவான் மொன்காடாவும் பந்துவீச்சாளர் மைக்கல் கோபெக்கும் முக்கியமானவர்கள். மொன்காடா 2018இல் 217 தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆகி (பந்தை அடிக்கத் தவறி ஆட்டமிழந்து) எல்லோரையும் கவலைக்குள்ளாக்கினார். ஆயினும் நாளாந்தம் களத்தில் நின்றபடியால் பிழைகளைத் திருத்திக்கொள்ள வாய்ப்பிருந்தது, அடுத்த ஆண்டில் .315 துடுப்பாட்டச் சராசரி பெற்றார். கோபெக்குக்கு 2018 செப்டெம்பரில் முழங்கைச் சத்திரசிகிச்சை நடந்ததால் 2019 முழுவதும் அவர் ஆடவில்லை. பொஸ்ரனோ 2018இலேயே உலகத் தொடரை வென்றுவிட்டது. கடைசி ஆட்டமிழப்பை எடுத்தவர் சேல். துடுப்பாட்டக்காரரும் சறுக்குவார், ஆனால் சறுக்கிய இடத்திலிருந்தே எழும்புகிறார். இளம் பந்துவீச்சாளரை வாங்கத்தான் வேண்டுமென்றால், ஒருவரை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று பேராகக் கேட்டு வாங்கவேண்டும்.

கேள்வி: எவ்வளவு பெரிய நட்சத்திரத்தைத் தந்தாலும் கொடுக்கக்கூடாத இளைஞர் என்று எவராவது உண்டா?
– ஒரு மாணவன், வவுனியா

பதில்: உண்டு, ஆனால் மிகச் சிலரே. இளம் வீரர்களைத் தேடி மதிப்பிடும் தேடுநர்கள் ஒவ்வொரு திறனையும் 20இலிருந்து 80வரை அளப்பார்கள். 50 என்றால் பெரிய லீக்கின் சராசரி. பந்தை அடிக்கும் திறனுக்கும் பலத்துக்கும் ஒன்றாக உச்சப் புள்ளியை ஒட்டிய மதிப்பீடு பெறுபவர் எப்போதாவதுதான் தோன்றுவார். விளாடிமிர் குரேரோ ஜூனியர் அப்படித் தோன்றியவர். 2019 ஏப்ரலில் 20 வயதில் ரொறன்ரோவுக்காக முதல் ஆட்டம் ஆடினார். தொடக்கத்தில் எதிர்பார்த்த அளவுக்கு அடிக்கவில்லை, உடல் எடை பற்றிய பேச்சும் எழுந்தது. கழகம் பொறுத்திருந்தது. 2021இல் 48 ஹோம் ரன் அடித்தார். 2025இல் 14 ஆண்டுகளுக்கு 500 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தில் அவரை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்; அந்த ஆண்டிலேயே அணியை உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம்வரை கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர் அவர்.