எலிக்குப் பலித்தது அப்பாவுக்கும் பலிக்குமா?

தம்பி, ஹட்டனிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். அப்பாவுக்கு இயக்க நரம்பணு நோய், அதாவது தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்ல அழியும் நோய். எலிகளின் ஆயுளை நீட்டிய ஒரு மருந்தை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வைக்க வேண்டாம்.

இந்த நோயை ஆராய அதிகம் பயன்படுவது 1994இல் அறிமுகமான எலி வகை. மனிதனின் பழுதான எஸ்ஓடி1 மரபணுவை அளவுக்கு மிஞ்சி ஏற்றியவை. நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் அந்த மரபணுவால் நோய் வருகிறது. அதோடு, பல ஆய்வுகளில் எலிக்குக் கால் தள்ளாடும் முன்பே மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். நம் வீட்டில் அப்படியா? இதே நோய் வந்த என் அம்மாவுக்குக் கொழுந்து கிள்ளும்போது பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேராமல் போனது. குளிர் என்று நினைத்துத் தைலம் தேய்த்தே மாதங்கள் ஓடின.

மினோசைக்ளினும் எலிகளில் நன்றாகத்தான் வேலை செய்தது. 412 நோயாளிகளிடம் சோதித்து 2007இல் முடிவு வந்தபோது, அதை எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட வேகமாகச் சரிந்திருந்தார்கள். இத்தனைக்கும் அது பழைய ஆன்டிபயாடிக்!

எலி ஆய்வே வீண் என்று சொல்லவில்லை. டோஃபெர்சன் என்ற மருந்து அந்த வழியில் வந்ததுதான். 2023இல் அமெரிக்கா அனுமதித்தது, எஸ்ஓடி1 பழுதுள்ளவர்களுக்கு மட்டும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். இந்த நோய்க்குத் தரும் ரிலுசோல் மருந்து பற்றியும் கேளுங்கள், ஆயுள் சில மாதம்தான் கூடும் என்றாலும்.

அப்புறம், அப்பா மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா? காலையில் தலைவலியா? அப்படியென்றால் மூச்சுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பிளேன்டீ புரையேறினால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். அம்மாவுக்குக் கஞ்சிப் பதத்தில்தான் இறங்கியது.