கேளுங்க, சொல்றேன்: ஜகார்த்தா பசங்க ஸ்டைல்

கேள்வி: அண்ணே, என் பையன் டிக்டாக்ல இந்தோனேசியா பசங்கள பாத்துட்டு லுங்கிக்கு ஷூ போட்டுக்கிட்டு சூலே பகோடா பக்கம் சுத்துறான். லுங்கின்னா செருப்பு தானேண்ணே? அவங்க அப்பாவுக்கு தலையே காட்ட முடியல. (ஒரு அம்மா, ரங்கூன்)

அட விடுங்கக்கா, லுங்கி கட்டுறானேன்னு சந்தோஷப்படுங்க, மத்த பசங்க ஜீன்ஸ விட்டு எறங்கவே மாட்டேங்குறாங்க. பர்மால நமக்கு ஸ்கூல்ல பச்சை லுங்கி, ஆபீஸ்ல லுங்கி, தூங்குறப்பவும் லுங்கி, அதான் பசங்களுக்கு சலிச்சுப் போச்சு. ஜகார்த்தாவுல கதை வேற, அங்க பேன்ட் தான் தினசரி. மெழுகு வெச்சு சாயம் போட்டு டிசைன் பண்ற அவங்க ஊரு பாத்திக் துணிய 2009ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க, அக்டோபர் 2ஆம் தேதிய பாத்திக் நாளாவே வெச்சிருக்காங்க, ஆனா பாத்திக் சட்டைன்னாலே ஆபீஸ் மாமாங்க டிரெஸ்னு ஆகிப்போச்சு. இப்ப இந்த பசங்க என்ன பண்றாங்கன்னா அதே பாத்திக்க தைக்காத முழுத்துணியா எடுத்து இடுப்புல சுத்தி, மேல ஒரு பெல்ட்டு, ஒரு டீ ஷர்ட்டு, கீழ ஸ்னீக்கர், அப்படியே மெட்ரோ ஏறிப் போறாங்க. பெர்காஇன்னு அதுக்குப் பேரு. பாட்டி பீரோவுல கெடந்த துணியா இருந்தா இன்னும் கெத்து.

கேள்வி: ஜகார்த்தாவுல ரோட்டை கிராஸ் பண்ற எடத்துல ஃபேஷன் ஷோ நடத்துனாங்கன்னு ஃப்ரெண்டு சொல்றான், ரீல் விடுறானா? (தம்பி ஒருத்தர், மோல்மேன்)

ரீல் இல்ல தம்பி, 2022 ஜூலைல நடந்தது. டுக்கு அதாஸ்னு ஜகார்த்தா நடுவுல பேங்க் கட்டடமா நிக்கிற ஏரியா. சித்தாயம், போஜோங்கெடே, டெப்போக்னு தெக்கால இருக்க ஊர்ப் பசங்க லோக்கல் ட்ரெயின் புடிச்சு அங்க வந்து கூடுனாங்க, டிக்கெட்டு அப்ப முதல் 25 கிலோமீட்டருக்கு 3000 ரூபியா தான். பெரிய பணக்கார வீட்டுப் புள்ளைங்க கெடையாது, மலிவு விலை டிரெஸ்ஸ தான் கலந்து கட்டி போட்டுட்டு வந்து, வண்டிக்கு சிவப்பு விழுந்தா ஜீப்ரா கிராஸிங்ல நடை, பச்சை விழுந்தா பிளாட்பாரத்துக்கு ஓட்டம். சித்தாயம் ஃபேஷன் வீக்னு பேரு வந்துச்சு. பேரு வந்ததும் மாடலுங்க வந்தாங்க, அரசியல்வாதிங்க வந்தாங்க, ஒரு நடிகரோட கம்பெனி அந்தப் பேரையே டிரேட்மார்க் பண்ண அப்ளை பண்ணிடுச்சு! ஊரே திட்டுச்சு, வாபஸ் வாங்குனாங்க. அந்த சமயத்துலயே டிராஃபிக் ஜாம்னு போலீஸ் வந்து பசங்கள அந்த எடத்துல இருந்து கெளப்பிடுச்சு. கடுப்பு எனக்கு அங்க தான். பசங்க நடந்தப்ப எல்லாரும் வேடிக்கை பாத்தாங்க, பெரிய ஆளுங்க கார்ல வந்து கூட்டம் சேத்தாங்க, கடைசில வெரட்டுனது மட்டும் பசங்கள.

கேள்வி: எங்க பசங்க வீட்ல தமிழ்ப் பாட்டு போட்டாலே ஆஃப் பண்ணச் சொல்றாங்க, பர்மீஸ் ராப் தான் வேணுமாம். அங்கேயும் இப்படித்தானா? (ஒரு தாத்தா, தட்டோன்)

கொரியப் பாட்டுப் பைத்தியம் அங்கேயும் ஜாஸ்தி தான் ஐயா. 2021ல ஒரு பர்கர் கம்பெனி பி.டி.எஸ்ங்கற கொரியப் பாட்டுக் குழு பேர்ல சாப்பாடு விட்டப்ப டெலிவரி பசங்க கூட்டம் தாங்காம, கோவிட் நேரம் வேற, பல கடைய தற்காலிகமா மூடவே வேண்டியதாப் போச்சு. ஆனா டிடி கெம்போட்னு ஒரு பாடகர், ஜாவா தீவுல சோலோங்கற ஊர்க்காரர், அந்தத் தீவு பாஷை ஜாவானீஸ்ல காதல் தோல்விப் பாட்டா பாடிட்டிருந்தவர், ஐம்பது வயசு தாண்டுன பொறவு 2019ல காலேஜ் பசங்க அவர தூக்கி வெச்சுக்கிட்டாங்க, காட்ஃபாதர் ஆஃப் புரோக்கன் ஹார்ட்னு பட்டம் வேற. 2020 மே மாசம் போய்ச் சேர்ந்துட்டாரு, பாவம். அழுவுறதுக்கு சொந்த பாஷை தான் வசதின்னு தோணிருக்கும் போல. உங்க பேரனுக்கும் ஒரு லவ் புட்டுக்கட்டும், அப்ப பாருங்க.

கேள்வி: அந்த நாட்டுல தமிழ்ப் பசங்க இருக்காங்களா? (தங்கச்சி ஒருத்தர், பெகு)

இருக்காங்கம்மா, சுமத்ரால மேடான் ஊர்ல கம்போங் மெட்ராஸ்னே ஒரு பேட்டை. புகையிலைத் தோட்டத்து வேலைக்கு வந்தவங்க வம்சம், 1884ல கட்டுன மாரியம்மன் கோயில் இன்னும் நிக்குது. அங்க உள்ள புள்ளைங்க என்ன கட்டுறாங்க, என்ன கேக்குறாங்கன்னு மேடான்ல சொந்தம் இருக்கறவங்க எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடுறேன்.